எட்டிக் கொட்டையும் இரத்த அழுத்த மாத்திரையும்

தேனியில் பஸ் ஏறிக் கம்பத்தில் இறங்குகிறவர்களுக்கு அந்த வழி மனப்பாடமாகவே இருக்கும். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம். முல்லைப் பெரியாற்று நீர் பாயும் வயல்கள், தென்னந்தோப்பு, திராட்சைப் பந்தல், மேற்கே விடாமல் கூட வரும் மலை. ஏறக்குறைய 40 கிலோமீட்டர். பஸ் ஓட்டுகிறவர் மனம் வைத்தால் ஒரு மணிக்குச் சற்று அதிகமாகும். மனம் வைக்காவிட்டால் எவ்வளவு ஆகும் என்பது அவருக்கே வெளிச்சம். கம்பத்தில் இறங்காமல் கூடலூர்ப் பக்கமாக இன்னும் இரண்டு கிலோமீட்டர் போனால், மாரத்தான் ஓட்டம் என்று உலகத்தார் சொல்லும் தூரம் பூர்த்தியாகி விடும். கணக்காகச் சொன்னால் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். பழைய அளவில் 26 மைல் 385 கஜம்.

இந்தத் தூரத்தை 2024-ஆம் வருஷம் அக்டோபர் 13-ந் தேதி அமெரிக்காவின் சிகாகோ நகரில் ரூத் செப்ங்கெட்டிச் என்னும் கென்யா தேசத்துப் பெண்மணி 2 மணி 9 நிமிஷம் 56 விநாடியில் ஓடி முடித்தார். பெண்களில் 2 மணி 10 நிமிஷத்துக்குள் ஓடியவர் அதற்கு முன் உலகத்தில் ஒருவரும் இல்லை. முந்திய சாதனையிலிருந்து ஏறக்குறைய இரண்டு நிமிஷங்களை ஒரே வீச்சில் அவர் வெட்டி எறிந்து விட்டார்.

இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிய வேண்டுமானால் நம் ஊர்ப் பிள்ளைகளைக் கேட்க வேண்டும். பொழுது விடியுமுன் சாலை ஓரத்தில் மூச்சிரைக்க ஓடுகிற வாலிபர்கள் பெரும்பாலும் போலீஸ் வேலைக்கோ பட்டாளத்துக்கோ தயார் செய்கிறவர்கள். தமிழ்நாட்டுப் போலீஸ் தேர்வில் ஆண்பிள்ளைகள் 1,500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓட வேண்டும். அதற்கே பல மாதப் பயிற்சி தேவைப்படுகிறது. செப்ங்கெட்டிச் சிகாகோவில் ஓடிய வேகத்தில் 1,500 மீட்டருக்கு ஆவது 4 நிமிஷம் 37 விநாடி. அப்படி ஒரு தடவை அல்ல. நடுவில் நில்லாமல் தொடர்ந்து 28 தடவை!

ஐந்து மாதம் சென்றது. 2025 மார்ச் 14-ந் தேதி அந்த அம்மாளிடம் எடுத்த சிறுநீரில் ஹைட்ரோகுளோரோதயசைடு என்னும் மருந்து இருந்தது. பெயரைக் கண்டு வாசகர்கள் மிரள வேண்டாம். நம் வீடுகளில் பெரியவர்களின் மருந்துப் பெட்டியைத் திறந்து பார்த்தால் இரத்த அழுத்தத்துக்காக வைத்தியர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளில் இது பல சமயம் அகப்படும். உடம்பிலுள்ள உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றுவது இதன் வேலை. தாத்தாவுக்கு நல்லது செய்யும் இந்த மாத்திரை ஓட்டக்காரருக்கு ஏன் ஆகாது என்றால், சிறுநீர் பெருகும்போது அதில் கலந்திருக்கக்கூடிய வேறு மருந்துகள் நீர்த்துப் போய்ச் சோதனைக்கு அகப்படாமல் நழுவக்கூடும். திருட்டைச் செய்கிறது இதுவல்ல. திருடன் போன தடத்தை அழிக்கிறது. ஆகையால் இதுவும் தடை செய்யப்பட்ட பட்டியலில் இருக்கிறது.

மருந்து எப்படி உடம்பில் வந்தது என்று தமக்குத் தெரியவில்லை என்றே செப்ங்கெட்டிச் முதலில் சொன்னார். பிறகு, சோதனைக்கு இரண்டு நாள் முன்பு உடம்பு சரியில்லாமல் இருந்ததாகவும், வீட்டு வேலைக்காரியின் மாத்திரையை வாங்கி விழுங்கி விட்டதாகவும் சொன்னார். ஒரு மில்லி லிட்டர் சிறுநீரில் 20 நானோகிராம் இருந்தாலே ஆய்வுக்கூடத்தார் எழுதி அனுப்ப வேண்டும் என்பது விதி. அவரிடம் இருந்தது ஏறக்குறைய 3,800. அவருடைய கைத்தொலைபேசியில் வேறு சில விஷயங்களும் கிடைத்தன. அவற்றைப் பற்றிய விசாரணை தொடரும் என்று தடகள நேர்மைப் பிரிவினர் அறிவித்தார்கள். 2025 அக்டோபரில் மூன்று வருஷத் தடை விதிக்கப்பட்டது. குற்றத்தைச் சீக்கிரம் ஒப்புக்கொண்டதற்காக நான்கில் ஒன்று தள்ளுபடியாயிற்று.

மாத்திரைக் கதையை நம்புகிறவர்கள் நம்பலாம். எமக்கு அதில் சந்தேகம் இருக்கிறது. ஆனால் நம்முடைய நம்பிக்கைக்கும் அவநம்பிக்கைக்கும் அந்த விதியில் இடமே இல்லை என்பதைத்தான் பிள்ளைகளை ஓட்டப் பந்தயத்துக்கு அனுப்பும் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். உடம்பில் அகப்பட்ட பொருளுக்கு உடம்புக்குடையவரே பொறுப்பாளி. யார் கொடுத்தார், தெரிந்து தின்றாரா, தெரியாமல் தின்றாரா என்பதெல்லாம் தண்டனையைக் கூட்டவோ குறைக்கவோ பயன்படலாமே தவிர, குற்றத்தைத் துடைத்து விடுவதில்லை. அடுத்தவர் மாத்திரையை விசாரியாமல் விழுங்கினேன் என்பதே அலட்சியத்தை ஒப்புக்கொள்வதாயிற்று. அலட்சியத்துக்கும் அதே நான்கு வருஷம் என்றுதான் அவர் விஷயத்தில் முடிவு செய்தார்கள்.

மாரத்தான் ஓட்டத்துக்கும் மருந்துக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதல்ல. 1904-ஆம் வருஷம் ஆகஸ்டு 30-ந் தேதி அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் ஒலிம்பிக் மாரத்தான் நடந்தது. கொதிக்கும் வெயில், சாலையெல்லாம் புழுதி, குடிக்கத் தண்ணீருக்கும் பஞ்சம். முதலில் வந்து சேர்ந்த பிரெட் லோர்ஸ் என்பவர் பாதி வழியில் மோட்டார் வண்டியில் ஏறிச் சவாரி செய்தவர் என்று தெரிந்ததால் விலக்கப்பட்டார். தங்கப் பதக்கம் தாமஸ் ஹிக்ஸ் என்பவருக்குப் போயிற்று. இவர் மோட்டாரில் ஏறவில்லை. ஆனால் வழியில் தள்ளாடி விழப் போன போதெல்லாம் இவருடைய ஆட்கள் முட்டை வெள்ளைக்கருவில் ஸ்டிரிக்னைன் கலந்து புகட்டினார்கள். பிறகு பிராந்தியும் கொடுத்தார்கள். ஸ்டிரிக்னைன் என்பது வேறொன்றுமில்லை, நம் எட்டிக் கொட்டையிலிருந்து எடுக்கும் விஷம். எட்டி மரத்தடியில் ஆடு மேய்க்கும் நம் ஊர்ச் சிறுவன் கூட அந்தக் காயை வாயில் வைக்க மாட்டான். நரம்பைச் சிறிது முறுக்கேற்றும் அளவுக்கும் ஆளையே கொன்றுவிடும் அளவுக்கும் உள்ள இடைவெளி மிகவும் சொற்பம். ஹிக்ஸ் பிழைத்தது அவருடைய அதிர்ஷ்டம். அக்காலத்தில் அது குற்றமாகக் கருதப்படவும் இல்லை. ஊக்க மருந்து கூடாது என்று சர்வதேச தடகள சங்கத்தார் விதி எழுதியதே 1928-இல்தான்.

இப்போதைய மருந்துகள் எட்டிக் கொட்டையைப் போல் முரட்டுத்தனமானவை அல்ல. நெடுந்தூர ஓட்டக்காரர்களைக் கெடுத்த முக்கியமான மருந்து ஒன்று உண்டு. எரித்ரோபொய்ட்டின் என்பது அதன் பெயர், சுருக்கமாக இ.பி.ஓ. என்பார்கள். இது எல்லார் உடம்பிலும் இயற்கையாகவே இருப்பது. இரத்தத்தில் பிராணவாயு குறைந்தால் சிறுநீரகங்கள் இதைச் சுரக்கின்றன. எலும்பு மஜ்ஜை இதன் சொல்லைக் கேட்டுச் சிவப்பு அணுக்களை அதிகமாக உண்டாக்குகிறது. சிவப்பு அணு அதிகமானால் தசைகளுக்குப் போய்ச் சேரும் பிராணவாயுவும் அதிகம். கென்யாவின் ஓட்டக்காரர்கள் பயிற்சி செய்யும் இட்டென் என்னும் ஊர் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் மேகமலை 1,500 மீட்டர்தான். காற்று மெல்லிதான அந்த உயரத்தில் வாழ்கிறவர்களின் இரத்தம் தானாகவே செழிப்பாகிறது. மலையில் வருஷக்கணக்காக வாழ்ந்து பெற வேண்டியதைச் சமவெளியில் ஊசி மூலம் சில வாரங்களில் பெறப் பார்ப்பதுதான் இந்தத் தந்திரம்.

1895-இல் பென்னிகுவிக் துரை மலையைக் குடைந்து பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பிய பிறகு இந்தப் பள்ளத்தாக்கு செழித்தது நாம் அறிந்ததே. ஆனால் மதகுக்கும் கரைக்கும் ஓர் அளவு உண்டல்லவா? இரத்தக் குழாய்க்கும் அப்படியே. அணுக்கள் அளவு மீறினால் இரத்தம் கெட்டிப்பட்டு உறைகிறது. இருதயத்திலோ மூளையிலோ அடைத்துக் கொண்டால் ஆள் பிழைப்பது அருமை.

2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் மாரத்தான் தங்கம் வென்ற ஜெமிமா சும்கோங், அந்தப் பந்தயத்தில் கென்யாவுக்குத் தங்கம் கொண்டுவந்த முதல் பெண்மணி. அடுத்த வருஷமே இந்த மருந்துக்காகப் பிடிபட்டார். நான்கு வருஷத் தடை வந்தது. வைத்தியசாலையில் சிகிச்சைக்காகக் கொடுத்தார்கள் என்று சாதிக்கப் போலிக் காகிதங்களைக் காட்டியது தெரிய வரவே, 2019-இல் அது எட்டு வருஷமாயிற்று. ஆயினும் ரியோவில் வென்ற தங்கம் அவரிடமே இருக்கிறது; அன்றைய தினத்துச் சோதனையில் ஒன்றும் அகப்படவில்லை. செப்ங்கெட்டிச்சின் சிகாகோச் சாதனையும் அப்படித்தான் ஏட்டில் நிற்கிறது. 2025 மார்ச் 14-க்குப் பிந்தியவையே அழிக்கப்பட்டன.

திருடர்கள் முன்னேறினால் காவல்காரர்களும் முன்னேற வேண்டியதுதானே? சோதனை செய்கிறவர்கள் பந்தய நாளில் மட்டும் வருவதில்லை. உயர்தர ஓட்டக்காரர் ஒவ்வொருவரும் தினந்தோறும் குறிப்பிட்ட ஒரு மணி நேரம் தாம் எங்கே இருப்பார் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் அதிகாரி வந்து கதவைத் தட்டும்போது ஆள் இல்லையானால் ஒரு தவறு. பன்னிரண்டு மாதத்தில் மூன்று தவறு சேர்ந்தால், மருந்தே தொடாதவராயினும் தண்டனை உண்டு. உலகப் புகழ் பெற்ற வில்சன் கிப்சாங் 2020-இல் நான்கு வருஷத் தடை பெற்றது இப்படிச் சோதனைக்கு அகப்படாமல் போனதற்கும், அதற்குப் பொய்ச் சமாதானம் சொன்னதற்கும்தான்.

சிறுநீர் கொடுக்கும்போது அதிகாரி ஒருவர் எதிரிலே நின்று பார்ப்பார். கூச்சமான காரியந்தான், வேறு வழியில்லை. அதை இரண்டு குப்பிகளில் ஊற்றி, ஓட்டக்காரர் கண்ணெதிரில் முத்திரையிட்டு, பெயரில்லாமல் எண் மட்டும் போட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். முதற் குப்பியில் குற்றம் தெரிந்தால், இரண்டாவதைத் தம் முன்னிலையில் திறந்து பார்க்கச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. 2009 முதல் இரத்தத்துக்கென்று தனிக் கணக்குப் புத்தகமும் ஏற்பட்டிருக்கிறது. மளிகைக் கடைப் பற்றுப் புத்தகத்தைப் போல் ஒருவருடைய இரத்த விவரங்களை வருஷக்கணக்காகப் பதிவு செய்து வருகிறார்கள். மருந்து அகப்படாவிட்டாலும், காரணமில்லாமல் கணக்கு ஏறி இறங்கினால் அதுவே சாட்சியாகிறது.

கம்பம் என்றவுடனே சிலருக்குத் திராட்சைக்கு முன்னால் வேறோர் இலை ஞாபகத்துக்கு வரும். போலீஸ் செய்திகள் செய்த உபகாரம் அது. கஞ்சாவும் தடைப் பட்டியலில் உண்டு, ஆனால் பந்தய சமயத்தில் மட்டும். 2021-இல் அமெரிக்காவின் அதிவேக ஓட்டக்காரி ஷாகேரி ரிச்சர்ட்சன் அதனால் ஒரு மாதத் தடை பெற்று டோக்கியோ ஒலிம்பிக்கை இழந்தார். அது கால்களுக்கு வேகம் தரும் என்று யாரும் சொல்லவில்லை; இருந்தும் விதி விதிதான்.

இனி நம் தேசத்துக்கு வருவோம். எழுதச் சந்தோஷமான பகுதி அல்ல இது. 2024-ஆம் வருஷத்துக்கு உலக ஊக்க மருந்துத் தடுப்பு ஸ்தாபனம் வெளியிட்ட கணக்கின்படி இந்தியாவில் 7,113 மாதிரிகள் சோதிக்கப்பட்டன. 260-இல் மருந்து இருந்தது. நூற்றுக்கு 3.6. ஐயாயிரத்துக்கு மேல் சோதனை செய்த தேசங்களில் இதுவே மிக அதிகம். சோதனையை அதிகப்படுத்தினோம், அதனால் அகப்படுகிறவர்களும் அதிகமானார்கள் என்று சமாதானம் சொல்லப்படுகிறது. சீன தேசத்தில் அதே வருஷம் 24,000-க்கு மேல் சோதித்து 43-தான் அகப்பட்டன என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

2023 செப்டம்பரில் டில்லி ஜவாஹர்லால் நேரு மைதானத்தில் நடந்த மாகாணப் போட்டிகள் நகைச்சுவை நாடகம் போலிருந்தன. மருந்துச் சோதனை அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்ற செய்தி பரவியதுதான் தாமதம், ஓட்டக்காரர்கள் மாயமாய் மறைந்தார்கள். ஆண்களுக்கான 100 மீட்டர் இறுதிப் பந்தயத்தில் ஓடியவர் ஒரே ஒருவர்! தடை தாண்டும் நெடு ஓட்டத்தில் கலந்துகொண்ட ஓர் இளம் பெண் எல்லைக் கோட்டைத் தாண்டியும் நிற்காமல் ஓட, பின்னாலே அதிகாரி துரத்திப் போனார். மைதானத்துக் கழிவறையில் ஊசிக் குழல்கள் கிடந்தன. ஓடியவர்கள் ஒலிம்பிக் வீரர்கள் அல்லர். மாகாணப் போட்டிக்கு வந்த பிள்ளைகள். ஒரு பத்திரம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம், இரயில்வேயிலோ போலீஸிலோ ஒரு வேலை. கென்யாவில் ஒரு பந்தயப் பரிசு ஒரு குடும்பத்தின் தரித்திரத்தைத் தீர்க்கிறது; இங்கே ஒரு சர்க்கார் உத்தியோகம். ஆசையின் ஊற்று இரண்டு தேசத்திலும் ஒன்றுதான். நெடுந்தூர ஓட்டத்திலும் நாம் தப்பவில்லை. 2024 டிசம்பரில் புனா அரை மாரத்தானில் ஓடிய அர்ச்சனா ஜாதவிடம் ஆக்ஸாண்ட்ரோலோன் அகப்பட்டு, அவர் நான்கு வருஷத் தடை பெற்றார்.

தமிழ்நாட்டார் மறக்க முடியாத கதை கோமதி மாரிமுத்துவினுடையது. அவர் ஓடியது மாரத்தான் அல்ல, 800 மீட்டர். திருச்சி ஜில்லா முடிகண்டம் கிராமத்துப் பெண். 2019 ஏப்ரல் 22-ந் தேதி தோஹாவில் நடந்த ஆசியப் போட்டியில், 30-ஆவது வயதில், 2 நிமிஷம் 2.70 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். பந்தயத்துக்குத் தயார் செய்கிற மகளுக்கு நல்ல ஆகாரம் மிஞ்ச வேண்டுமென்று தம் தகப்பனார் மாட்டுக்கு வைத்திருந்த தீனியைத் தின்றார் என்று கண்ணீருடன் அவர் சொன்னதைக் கேட்டுத் தமிழகமே உருகியது. ஒரு மாதத்தில் செய்தி மாறிற்று. நான்ட்ரோலோன் என்னும் தசை மருந்து உடம்பில் இருந்ததாகத் தீர்ப்பாகி, 2019 மே 17 முதல் நான்கு வருஷத் தடை. தங்கப் பதக்கம் சீனத்துப் பெண்ணுக்குப் போயிற்று. தடை தீர்ந்தபோது கோமதிக்கு வயது 34.

இதில் எம் மனத்தை விட்டு நீங்காத விஷயம் ஒன்றுண்டு. குற்றமுள்ள மாதிரிகளில் முதலாவது தோஹாவில் எடுத்ததல்ல. மார்ச் 18-ந் தேதியே பாட்டியாலாவில், நம் தேசத்து மைதானத்தில் எடுத்தது. அதன் முடிவு வெளிவருமுன் ஐந்து வாரங்கள் கழிந்து, அவர் அயல்நாட்டில் தேசத்தின் கொடியைப் போர்த்திக்கொண்டு ஓடியும் முடித்து விட்டார். உரிய காலத்தில் அது கிடைத்திருந்தால் தண்டனை தப்பியிராது. ஆனால் உலகத்தார் முன்னிலையில் ஏறவும் இறங்கவும் நேர்ந்திராது. அதே வருஷம் ஆகஸ்டில் டில்லி ஆய்வுக்கூடத்தின் அங்கீகாரத்தை உலக ஸ்தாபனம் நிறுத்தி வைத்தது. 2021 டிசம்பரில்தான் அது திரும்பக் கிடைத்தது.

கம்பம் பள்ளத்தாக்கில் பல்லவராயன்பட்டி, அய்யம்பட்டி ஜல்லிக்கட்டுகளைப் பார்த்தவர்களுக்கு ஒரு வேடிக்கையான செய்தி. தமிழ்நாடு சர்க்கார் 2009-இல் செய்த ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டத்தில், காளைகளுக்கு ஊக்க மருந்து எந்த ரூபத்திலும் கொடுக்கப்படவில்லை என்று கால்நடைத் துறையார் சோதித்து உறுதி செய்ய வேண்டும் என ஒரு விதி இருந்தது. அந்தச் சட்டம் 2014-இல் உச்ச நீதிமன்றத்தில் அடிபட்டுப் போனது வேறு விஷயம். மனிதர்களுக்கு ஊக்க மருந்தைப் பற்றிப் பார்லிமெண்டு தனிச் சட்டம் செய்தது 2022-இல். அதுவரை தேசிய ஸ்தாபனம் 2005 முதல் விதிகளை வைத்துக்கொண்டே காலம் தள்ளியது. காளைக்கு மருந்து கொடுத்தால் காளையை யாரும் குற்றவாளி என்பதில்லை, கொடுத்தவனைத்தான் தேடுவார்கள். மனிதர் விஷயத்தில் கொடுத்தவர்களுக்கும் விதியில் தண்டனை உண்டு என்றாலும், பத்திரிகையில் அச்சாகும் பெயர்கள் பெரும்பாலும் ஓடினவர்களுடையவையே.

2011-இல் அஞ்சலோட்டப் பெண்கள் ஆறு பேர் பிடிபட்டார்கள். அவர்களில் மூவர் முந்திய வருஷம் டில்லி காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றவர்கள். பயிற்சியாளர் கொடுத்த சீன ஜின்செங் வேரில் கலப்படம் இருந்தது என்றார்கள். இந்தியாவில் விதித்த ஒரு வருஷத் தடையை அயல்நாட்டு விளையாட்டு நீதிமன்றம் 2012-இல் இரண்டாக்கிற்று. உக்ரேன் தேசத்தவரான அந்தப் பயிற்சியாளர் அப்போது வேலையிலிருந்து நீக்கப்பட்டார். சில வருஷங்களுக்குள் இந்திய அணிக்கே பயிற்சி கொடுக்க அவர் திரும்பி வந்தார்.

பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைக்கு, "இது வெறும் சத்துப் பொடி, தைரியமாகச் சாப்பிடு" என்று ஒருவர் சொன்னால், மறுத்துப் பேசுகிற துணிவு எங்கிருந்து வரும்? குரு வாக்கியத்தைத் தட்டக்கூடாது என்றல்லவா நாம் வளர்த்திருக்கிறோம்? ஆகையால் கேட்க வேண்டியவர்கள் வீட்டிலுள்ளவர்கள். டப்பாவின் மேல் என்ன எழுதியிருக்கிறது, எந்தக் கடையில் வாங்கியது, ஊசியானால் எந்த வைத்தியர் சீட்டெழுதினார் என்று தாயாரோ தகப்பனாரோ கேட்டால் நல்ல பயிற்சியாளர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அதிலேயே பதில் இருக்கிறது. மருந்தின் பெயரைக் கொடுத்தால் தடையுண்டா இல்லையா என்று சொல்லும் கைத்தொலைபேசிச் செயலி ஒன்றைத் தேசிய ஸ்தாபனம் வைத்திருக்கிறது. உண்மையான நோய்க்குத் தடையுள்ள மருந்துதான் வேண்டும் என்று வைத்தியர் கருதினால், அத்தாட்சிகளுடன் விண்ணப்பித்து முன்கூட்டியே அனுமதி பெறவும் வழி உண்டு.

சோதனைக்கு மாதிரி கொடுக்கும் இடத்தில் ஒரு படிவத்தை நீட்டுவார்கள். கடந்த ஏழு நாட்களில் சாப்பிட்ட மாத்திரை, டானிக், பொடி எல்லாவற்றையும் அதில் எழுதச் சொல்லும் ஒரு கட்டம் இருக்கிறது. பந்தயம் ஓடிக் களைத்து நிற்கும் பிள்ளைக்குச் சளிக்கு வாங்கிய மாத்திரையின் பெயர் ஞாபகம் வருமா? பால் கணக்கு எழுதும் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் எப்படியும் காலியாகத்தான் கிடக்கும். தேதியும் மருந்தின் பெயரும் அதில் எழுதி வையுங்கள். பிள்ளை பந்தயத்துக்குப் புறப்படும்போது அந்த ஒரு தாளைக் கிழித்துப் பையில் வைத்தால் போதும்.